அலசன் குடும்பமும் நம் கிணற்று நீரும்



மாரி மழை ஓயாது பொழிந்து ஆறுகள் கரை கடந்தால், மட்டக்களப்பு வாவியை அண்டிய சித்தாண்டி, சந்திவெளி, முறக்கொட்டான்சேனை, வந்தாறுமூலை முதலிய ஊர்களில் வயலும் வளவும் ஒரே நீர்ப்பரப்பாகிவிடுவது நாம் கண்டறிந்த காட்சி. 2011ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மட்டக்களப்பு மாவட்டம் முழுவதையும் வருத்திய பெருவெள்ளத்தை எவரும் மறந்திருக்கமாட்டார். வெள்ளம் வடிந்த பின்னர் இரண்டாவது இடர் ஒன்று தொடங்குகிறது. மலக்குழியின் நீரும் மாட்டுப்பட்டியின் நீரும் குடிநீர்க் கிணற்றில் ஒன்றாகக் கலந்து நிற்கின்றன. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றிலே வெண்ணிறத் தூள் ஒன்றைக் கரைத்து ஊற்றிவிட்டுச் செல்கின்றார். அந்த நீரின் மணம் பிடிக்காமல், "மருந்து போட்ட தண்ணீர் நமக்கு வேண்டாம்" என்று அதனை ஒதுக்கி, தூள் இடாத வேறொரு கிணற்று நீரை அப்படியே அள்ளிக் குடிப்போர் சிலர் உளர். அந்தத் தூள் என்ன செய்கிறது என்பதை அறிந்தால் அவ்வாறு ஒதுக்க மனம் வராது.

அதனை விளக்குவதற்கு ஒரு குடும்பத்தின் வரலாற்றைச் சொல்லவேண்டும். இரசாயன நூலார் அக்குடும்பத்திற்கு அலசன்கள் என்று பெயரிட்டுள்ளனர். புளோரீன், குளோரீன், புரோமீன், அயடீன் என்னும் நான்கு மூலகங்கள் அதன் முதன்மையான உறுப்பினர். இவற்றுக்குக் கீழே, 1940இல் ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட அசுற்றற்றீனும், 2010இல் ஆக்கப்பட்ட தெனசீனும் உள்ளன. எனினும் அவை நிலைத்து நில்லாது விரைவிற் சிதைந்துபோவன ஆதலால், இன்று அவற்றை விட்டுவிடுவோம். அலசன் என்பதற்குரிய மேனாட்டுச் சொல்லின் பொருள் 'உப்பை ஆக்குவது' என்பதாகும். நாம் சோற்றுக்கு இடும் உப்பு, சோடியமும் குளோரீனும் கூடிப் பிறந்த பிள்ளையே அன்றோ?

இந்த நால்வரின் தோற்றத்தை முதலில் நோக்குவோம். புளோரீன் வெளிர்மஞ்சள் நிற வாயு. குளோரீன் பச்சை கலந்த மஞ்சள் வாயு. புரோமீன் செங்கபில நிறத் திரவம். அயடீன் கருமை பாய்ந்த திண்மம். சூடேற்றினால் அழகிய ஊதா நிற ஆவியாக எழுவது. புளோரீன் பூச்சியத்திற்குக் கீழே 188 பாகை செல்சியசிற் கொதிக்கும். குளோரீன் பூச்சியத்திற்குக் கீழே 34 பாகையிற் கொதிக்கும். புரோமீனுக்கு 59 பாகையும் அயடீனுக்கு 184 பாகையும் வேண்டும். மேலிருந்து கீழே செல்லச் செல்ல நிறம் அடர்கின்றது, கொதிநிலை ஏறுகின்றது. ஆனால் ஒன்று மட்டும் இறங்கிக்கொண்டே போகின்றது. அதுதான் தாக்குதிறன், பிற பொருள்களோடு தாக்கமுறும் வேகமும் வீரியமும் என்று அதனைச் சொல்லலாம்.

ஏன் இவ்வாறு இறங்குகின்றது? ஒவ்வோர் அணுவின் நடுவிலும் கரு ஒன்று இருக்கின்றது. அதனைச் சூழ்ந்து ஓடுகளிலே இலத்திரன்கள் உள்ளன. அலசன் அணு ஒவ்வொன்றின் வெளியோட்டிலும் 7 இலத்திரன்கள் இருக்கும். 8 இருந்தால் ஓடு நிறைந்துவிடும். ஆகவே இவை யாவும் ஒரே ஓர் இலத்திரனுக்காக ஏங்கி நிற்பவை. புளோரீனுக்கு இரண்டே ஓடுகள். கருவின் ஈர்ப்பு வெளியோட்டை வலிமையாக எட்டுகின்றது. குளோரீனுக்கு மூன்று, புரோமீனுக்கு நான்கு, அயடீனுக்கு ஐந்து. ஓடுகள் பெருகப் பெருக வெளியோடு கருவிலிருந்து தூரமாகின்றது. இடையிலுள்ள இலத்திரன்கள் திரைபோல் நின்று கருவின் ஈர்ப்பை மறைக்கின்றன. கிணற்றின் துலாக் கயிறு நீள நீள வாளியை இழுப்பது கடினமாவதுபோல, தூரம் கூடக்கூட இலத்திரனைப் பறித்தெடுக்கும் ஆற்றல் குறைகின்றது.

நுணுகிக் கற்கும் மாணவர் இவ்விடத்தில் ஒரு வினா எழுப்பலாம். தனித்த அணு ஓர் இலத்திரனை ஏற்கும்போது வெளிவரும் சக்தியை அளந்தவர்கள், புளோரீனுக்கு மூலொன்றிற்கு 328 கிலோயூலும் குளோரீனுக்கு 349 கிலோயூலும் கண்டனர். குளோரீனே சற்று முந்துகின்றது. அப்படியாயின் புளோரீன் எவ்வாறு முதலிடம் பெற்றது? விடை இதுதான். புளோரீன் அணு மிகச் சிறியது. அதன் வெளியோட்டிலே இலத்திரன்கள் நெருக்குண்டு நிற்பதனால் புதிதாக வருவதைச் சிறிது தள்ளுகின்றன. ஆனால் அதே நெருக்கத்தினால் இரண்டு புளோரீன் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பும் தளர்ந்திருக்கின்றது. அதனை முறிக்க ஏறத்தாழ 158 கிலோயூல் போதும். குளோரீனின் பிணைப்பை முறிக்க 243 வேண்டும். அன்றியும், பிறந்த சிறிய புளோரைட்டு அயனை நீர் மூலக்கூறுகள் மிக இறுக்கமாகச் சூழ்ந்துகொள்வதால் மேலும் சக்தி வெளிவருகின்றது. வரவு செலவு யாவற்றையும் கூட்டிப் பார்த்தால் புளோரீனே வெல்கின்றது. நீர்க்கரைசலில் இலத்திரனைப் பறிக்கும் வல்லமையை வோல்ற்றில் அளந்தால், புளோரீனுக்கு 2.87, குளோரீனுக்கு 1.36, புரோமீனுக்கு 1.07, அயடீனுக்கு 0.54 என்று படிப்படியாக இறங்குகின்றது. இந்த நான்கு எண்களிலே குடும்பத்தின் முழுக் குணமும் அடங்கியிருக்கின்றது.

ஐதரசன் வாயுவோடு இவை நடந்துகொள்ளும் விதத்தைப் பாருங்கள். புளோரீன் இருட்டிலும் குளிரிலுங்கூட வெடித்துச் சேரும். குளோரீன் இருட்டிலே அமைதியாக இருந்து, வெயில் பட்டவுடன் வெடிக்கும். புரோமீனைச் சூடாக்கவேண்டும். அயடீனோ சூடாக்கினாலும் அரைமனத்தோடு சேர்ந்து, சேர்ந்ததிற் பகுதி மீண்டும் பிரிந்துவிடும்.

இவ்வீரியம் மனிதர் இவற்றைக் கண்டுபிடித்த வரலாற்றிலும் பதிந்துள்ளது. சுவீடன் நாட்டு ஷீலே 1774இற் குளோரீனைப் பிரித்தெடுத்தார். அது ஒரு மூலகமே என்பதை 1810இல் ஹம்பிரி டேவி நிலைநாட்டினார். 1811இற் பிரான்சு நாட்டில் வெடியுப்புக் காய்ச்சும் தொழில் செய்த கூட்டுவா என்பவர், கடற்பாசிச் சாம்பலில் அமிலம் சற்று மிகுந்துவிட, ஊதா ஆவி எழக் கண்டார், அதுவே அயடீன். 1826இற் பலார் என்னும் இளைஞர், உப்பளத்தில் உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீரிலே குளோரீனைச் செலுத்திப் புரோமீனைப் பெற்றார். ஆனால் எல்லாவற்றிலும் வீரியம் மிக்க புளோரீன் எவர் கைக்கும் எளிதில் அகப்படவில்லை. அதனைப் பிரிக்க முயன்றவர்களிற் பலர் நஞ்சுண்டனர். சிலர் உயிரையும் இழந்தனர். 1886ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள், ஹென்றி முவசான் என்னும் பிரெஞ்சு அறிஞர், குளிரூட்டிய பிளாற்றினப் பாத்திரத்தில் மின்பகுப்பு முறையால் அதனை முதன்முதலிற் பிரித்தார். அதற்காக 1906இல் நோபல் பரிசு பெற்றார். வீரியம் குறைந்த அயடீன் தற்செயலாகவே வெளிப்பட, வீரியம் மிகுந்த புளோரீனுக்கு மேலும் 75 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பலார் செய்த செயலை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கசப்பு நீரிலே புரோமைட்டு இருந்தது. அதாவது, புரோமீன் முன்னரே ஓர் இலத்திரனைப் பெற்று அமைதியாக இருந்தது. அங்கே குளோரீன் சென்று, தன்னினும் வலிமை குறைந்த புரோமீனிடமிருந்து அந்த இலத்திரனைப் பறித்துக்கொண்டது. குளோரீன் குளோரைட்டாகி அடங்கியது; புரோமீன் வெளியே தள்ளப்பட்டது. இதனை இடப்பெயர்ச்சித் தாக்கம் என்பர். மேலே உள்ளது கீழே உள்ளதை வெளியேற்றும்; கீழே உள்ளது மேலே உள்ளதை வெளியேற்றமாட்டாது. சாக்கடல் நீரிலிருந்தும் குஜராத்தின் உப்பள நீரிலிருந்தும் புரோமீன் எடுக்கும் தொழிலும் இந்த ஒரு விதியின்மேல் நடைபெறுவதே.

இனி நம் கிணற்றுக்கு வருவோம். பரிசோதகர் இடும் தூள் வெளிற்றுந் தூள் எனப்படும். நல்ல தூளில் நூற்றுக்கு 33 பங்கு அளவிற்குப் பயன்தரு குளோரீன் இருக்கும். நீரிற் கரைந்ததும் அது உபகுளோரசு அமிலத்தைத் தருகின்றது. அவ்வமிலம் நுண்ணுயிரின் சுவரை ஊடுருவிச் சென்று, உள்ளே உயிர்த்தொழில் நடத்தும் பொருள்களின் இலத்திரன்களைப் பறித்து அவற்றைச் செயலறச் செய்கின்றது. வாந்திபேதிக் கிருமியும் நெருப்புக் காய்ச்சற் கிருமியும் அவ்வாறே அழிகின்றன. பறித்து முடிந்த குளோரீன், குளோரைட்டாக மாறிவிடுகின்றது. அது சாதாரண உப்பிலுள்ள அதே பொருள்தான்.

ஆயினும், கிருமியை மட்டும் தேடிப் பிடிக்கும் அறிவு குளோரீனுக்கு இல்லை. சேற்றிலுள்ள மக்கிய இலையும், சாணமும், இரும்பும் எதிர்ப்பட்டால் அவற்றின் இலத்திரனையும் அது பறித்துக்கொண்டு தீர்ந்துபோகும். வெள்ளத்தின் பின் கலங்கி நிற்கும் கிணற்றில் ஒரு கரண்டித் தூளைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது வீண். சேற்றை அகற்றி, நீர் தெளிந்தபின், தேவையான அளவை அறிந்து இடவேண்டும். அந்த அளவை எவ்வாறு அறிவது?

பிரித்தானிய இராணுவ மருத்துவரான வில்லியம் ஹொரொக்ஸ் என்பவர் வகுத்த கருவி ஒன்று, இந்தியாவிலும் பிற நாடுகளிலும் சுகாதாரப் பணியாளரின் பையிலே நெடுங்காலம் இருந்துவந்தது. அதில் வெண்ணிறக் கிண்ணங்கள் ஆறு உண்டு. அவற்றைக் கிணற்று நீரால் நிரப்பி, தூளின் கரைசலை முதற் கிண்ணத்தில் ஒரு துளி, இரண்டாவதில் இரு துளி என்று ஆறாவதுவரை ஏற்றிக்கொண்டே செல்வர். அரைமணி நேரம் காத்திருப்பர். பின்னர் ஒவ்வொன்றிலும் அயடைட்டும் மாப்பொருளும் சேர்ந்த கரைசலில் மூன்று துளி விடுவர். அழுக்கோடு போராடியபின்னும் குளோரீன் மிஞ்சியிருந்தால், அது அயடைட்டின் இலத்திரனைப் பறித்து அயடீனை வெளியேற்றும். வெளிவந்த அயடீன் மாப்பொருளோடு சேர்ந்து நீல நிறம் தரும். நீலம் முதலில் மூன்றாவது கிண்ணத்தில் தோன்றினால், 455 லீற்றர் நீருக்கு மூன்று சிறுகரண்டி, அதாவது 6 கிராம் தூள் வேண்டும் என்பது கணக்கு. கிணற்றின் விட்டம் 1.5 மீற்றர், நீரின் ஆழம் 2 மீற்றர் என்று கொண்டால், அதிலுள்ள நீர் ஏறத்தாழ 3,530 லீற்றர். வேண்டிய தூள் ஏறத்தாழ 47 கிராம். குளோரீன் அயடீனை வெல்லும் என்ற ஒரே விதி, பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து கிணற்றடிக்கு இவ்வாறு நடந்து வந்திருக்கின்றது.

தூள் இட்டபின் அரைமணி நேரமாவது பொறுத்திருத்தல் வேண்டும். அதன் பின்னரும் லீற்றருக்கு அரை மில்லிகிராம் அளவு குளோரீன் எஞ்சி நிற்கவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். சிலர் வெறுக்கும் அந்த மெல்லிய மணம் காவற்காரன் இன்னும் விழித்திருக்கின்றான் என்பதற்கு அடையாளமாகும். ஒரு பானை நீரைத் திறந்து வைத்தால் சில மணி நேரத்தில் மணம் தணிந்துவிடும். தூளைக் காற்றுப் புகாத பாத்திரத்தில், வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைத்தல் வேண்டும். இல்லையேல் வீரியம் பறந்துபோய் வெறும் சுண்ணாம்பே எஞ்சும். அமிலம் எதனோடும் அதனைச் சேர்த்தலாகாது. அவ்வாறு சேர்த்தால் நச்சு வாயுவாகிய குளோரீன் வெளியேறும்.

வாவிக்கும் கடலுக்கும் அருகிலுள்ள கிணறுகளில் இன்னொரு செய்தி உண்டு. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 19 கிராம் குளோரைட்டும், 65 மில்லிகிராம் அளவிற் புரோமைட்டும் இருக்கின்றன. உவர்நீர் கலந்த கிணற்றிலே குளோரீனை இட்டால், பலார் கண்ட அதே தாக்கம் அங்கும் நிகழ்ந்து, புரோமீன் சேர்மங்கள் சிறிதளவு உண்டாகும். அழுகிய இலைச்சத்து நீரில் மிகுந்திருந்தால் விரும்பத்தகாத துணைப்பொருள்களும் தோன்றலாம். அதற்கு அஞ்சிக் குளோரீனையே விட்டுவிடுவது அறிவுடைமை ஆகாது. கிருமியால் வரும் கேடு அதனினும் பன்மடங்கு பெரிது. நீரைத் தெளிவித்து, அளவோடு இடுவதே வழி. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை புகுந்த கரையோரக் கிணறுகளிற் குளோரீன் கிருமியைக் கொன்றது, உவரை அகற்றவில்லை. ஏற்கெனவே குளோரைட்டாகி அமைதியுற்றதைக் குளோரீன் ஒன்றும் செய்யாது. கிணற்றை அளவுக்குமீறி இறைத்தால் கீழிருந்து உவர்நீரே மேலும் ஏறிவரும். மழைநீர் மணலுக்குள் இறங்கி உவரைக் கீழே தள்ளும்வரை பொறுத்திருப்பதே அங்கே தகுந்த மருந்து.

கிணற்றிலிருந்து அடுக்களைக்குச் செல்வோம். இலங்கையில் மனிதர் உண்ணும் உப்பிற்கு அயடீன் சேர்க்கவேண்டும் என்னும் சட்டம் 1995இல் வந்தது. கழுத்திலே கழலை தோன்றாமல் இருக்கவும், கருவிலுள்ள குழந்தையின் மூளை குறைவின்றி வளரவும் அயடீன் வேண்டும். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்குரோகிராமும் கருவுற்ற தாய்க்கு 250 மைக்குரோகிராமும் போதும். ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இந்தச் சிற்றளவு இல்லாமற்போனால், ஒரு பிள்ளையின் கல்வி வகுப்பறைக்கு வருமுன்பே குன்றிவிடும். இதனை ஒரு பாடசாலை அதிபர் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

நம் உப்பிற் சேர்க்கப்படுவது பொற்றாசியம் அயடைட்டு அன்று, பொற்றாசியம் அயடேற்று ஆகும். காரணத்தை நீங்களே இப்போது ஊகிக்கலாம். அயடீன் குடும்பத்திலே வலிமை குறைந்தது. தான் பெற்ற இலத்திரனை இறுகப் பற்றிக்கொள்ளத் தெரியாதது. ஈரக் காற்றிலுள்ள ஒட்சிசனே அயடைட்டிலிருந்து இலத்திரனைப் பறித்துவிடும்; அயடீன் ஆவியாகிப் போய்விடும். நம் நாட்டின் புழுக்கத்திலே அது விரைந்து நிகழும். அயடேற்றில் உள்ள அயடீனோ ஒட்சிசனோடு முன்னரே கூடிவிட்டது; காற்று அதனிடம் பறிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே அது நிலைத்து நிற்கின்றது. ஆயினும் அடுப்பின் ஆவி படும் இடத்தில், திறந்த சிரட்டையில் உப்பை வைக்கும் வழக்கத்தை விடுதல் நன்று. ஈரம் ஊறிய உப்பில் அயடேற்றும் கரைந்து வடிந்துபோகும். மூடியுள்ள பாத்திரத்தில் வைத்து, கறியை இறக்கும் தறுவாயில் உப்பிடுவது சிறந்தது.

இறுதியாக, முதலிடத்திலுள்ள புளோரீன். தனித்த புளோரீனை எந்தக் கிணற்றிலும் காண இயலாது. நீரைக் கண்டாலே தாக்கி ஒட்சிசனை வெளியேற்றும் பொருள் நீரில் எவ்வாறு வாழும்? ஆனால் இலத்திரனைப் பெற்று அடங்கிய புளோரைட்டு, பாறைகளிலிருந்து கரைந்து கிணற்று நீருக்கு வருகின்றது. அநுராதபுரம், பொலன்னறுவை போன்ற உலர்வலய மாவட்டங்களிற் பல கிணறுகளில் அது மிகுதியாக உள்ளது. சிறிதளவு பல்லுக்கு உறுதி தரும், லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வெப்ப நாட்டிலே நாம் நீர் மிகுதியாக அருந்துவதால், அதனினும் குறைந்திருப்பதே நமக்கு நலம். மிகுந்தால் பிள்ளைகளின் பல்லிலே கறை படியும்; இன்னும் மிகுந்தால் எலும்பும் கெடும். தமிழ்நாட்டின் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இக்கேட்டினால் நெடுங்காலம் வருந்தின. அவற்றிற்குக் காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நிறைவேறியது.

இங்கே மக்கள் ஒரு பெருந்தவறு செய்வதுண்டு. "கொதிக்க வைத்தால் எல்லாம் போய்விடும்" என்று எண்ணுவர். புளோரைட்டு கொதிக்க வைத்தாற் போகாது. நீர் வற்ற வற்ற அது செறிவடையும். வெளிற்றுந் தூளினாலும் அதனை அசைக்க இயலாது. ஏனெனில், புளோரீனிடமிருந்து இலத்திரனைப் பறிக்கவல்ல மூத்தவர் அக்குடும்பத்தில் எவருமில்லை. ஏவப்பட்ட அலுமினா, எலும்புக் கரி போன்றவற்றால் அதனை ஒட்டவைத்துப் பிரிப்பதும், வேறு நீர்நிலையை நாடுவதுமே வழிகள். ஆகவே உலர்வலயத்திற் புதுக்கிணறு தோண்டுவோர், நீரின் தெளிவையும் சுவையையும் மட்டும் நம்பாது, அதனைப் பரிசோதனைக்கு அனுப்புதல் கட்டாயம்.

நேயர்களே, இதுவரை நன்மையைச் சொன்னேன், மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், பெல்சியம் நாட்டின் ஈப்பர் என்னுமிடத்திற் போர்க்களத்தில் உருளைகளிலிருந்து குளோரீன் வாயு திறந்துவிடப்பட்டது. காற்றினும் பாரமான அவ்வாயு பள்ளங்களில் இறங்கி, அங்கே பதுங்கியிருந்தோரின் சுவாசப்பையைச் சிதைத்தது. இது எங்கோ நடந்த கதை அன்று. சித்தாண்டிக்கு வடக்கே அண்மையிலுள்ள கிரானில், 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், இராணுவ முகாம் ஒன்றின்மீது நடந்த தாக்குதலிலும் குளோரீன் வாயு கையாளப்பட்டது. கிருமியின் உயிர்ப்பொருளிலிருந்து இலத்திரனைப் பறிக்கும் அதே ஆற்றல்தான் மனிதனின் சுவாசப்பையையும் சிதைத்தது. வீரியம் அணுவின் அமைப்பிலிருந்து வருகின்றது. அதனை எங்கே, எவ்வளவு, எதற்காகப் பயன்படுத்துவது என்பது மனிதரின் தீர்ப்பிலிருந்து வருகின்றது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் முன்னதைக் கற்பிக்கும்போதே பின்னதையும் கற்பித்தல் வேண்டும்.

நான் கலைத்துறையிற் பட்டம் பெற்றவன். இரசாயனம் எனக்குத் தொழில் அன்று. எனினும் இந்த நான்கு மூலகங்களின் வரிசையை மனத்திற் கொள்வதற்குப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை. புளோரீன், குளோரீன், புரோமீன், அயடீன்: இறங்க இறங்க வீரியம் குறையும். இந்த ஒரு வரியை அறிந்த இல்லத்தரசி உப்புப் பாத்திரத்தை மூடி வைப்பாள். இதனை அறிந்த கமக்காரர் வெள்ளம் வடிந்தவுடன் சேற்றை இறைத்துவிட்டுத் தூளுக்காகப் பரிசோதகரை அழைப்பார். இதனை அறிந்த மாணவன், புதுக்கிணற்று நீரைச் சுவைத்துப் பார்த்து "நல்ல தண்ணீர்" என்று பெரியோர் தீர்ப்புக் கூறும்போது, "புளோரைட்டு அளவு பார்த்தீர்களா?" என்று பணிவோடு வினவுவான். அடுத்த மாரி வருமுன்னரே, உங்கள் கிணற்றின் விட்டத்தையும் நீரின் ஆழத்தையும் அளந்து ஒரு தாளிற் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வடிந்த நாளில் அந்தத் தாள் பெரிதும் உதவும்.